ஒளித்து வளர்த்த பிள்ளை

தென்னாப்பிரிக்காவில் ஒரு தெரு. இளைஞன் ஒருவன் தனியாக நடந்துபோகிறான். நிறத்தைப் பார்த்தால் கறுப்பருமில்லை, வெள்ளையருமில்லை. பின்னால் ஜூலூ இளைஞர்கள் சிலர் வருகிறார்கள். இவனை எப்படி மடக்குவது, யார் எந்தப் பக்கம் போவது என்று தங்கள் மொழியிலேயே பேசிக்கொண்டு நெருங்குகிறார்கள். இவனுக்குப் புரியாது என்பது அவர்கள் எண்ணம். ஓட வழியில்லை. சட்டென்று திரும்பிய இளைஞன் ஜூலூ மொழியிலேயே, நாம் எல்லோரும் சேர்ந்து வேறு யாரையாவது மடக்கலாமே, நான் தயார் என்கிறான். அவர்கள் திகைத்து நிற்கிறார்கள். பிறகு சிரிக்கிறார்கள். உன்னை வேறு ஆள் என்று நினைத்துவிட்டோம் என்று வருத்தம் தெரிவித்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த இளைஞன் ட்ரெவர் நோவா. பின்னாளில் அமெரிக்காவின் பேர்பெற்ற அரசியல் நையாண்டி நிகழ்ச்சியான 'தி டெய்லி ஷோ'வை ஏழு ஆண்டுகள் நடத்தியவர். 2016-ல் வெளிவந்த 'பார்ன் எ கிரைம்' என்ற தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கும் சம்பவம் இது. பிறந்ததே குற்றம் என்ற பொருள் தரும் அந்தத் தலைப்பில் மிகையே இல்லை. அவர் பிறந்த 1984-ல் தென்னாப்பிரிக்கச் சட்டம் அப்படித்தான் சொன்னது.

அவர் சாதித்ததைப் பட்டியலிட்டு, ஏழைப் பையன் உயர்ந்தான் என்று முடித்துவிடலாம். அப்படி எழுத எனக்கு மனமில்லை. வறுமையும் அடியும் யாரையும் உயர்த்துவதில்லை. இதே தெருக்களில் இதே வறுமையில் வளர்ந்து, கெட்டிக்காரர்களாக இருந்தும் வெளியே வர முடியாமல் போன எத்தனையோ பேரை அவரே தன் புத்தகத்தில் காட்டுகிறார். அவரைத் தூக்கிவிட்டவை என்று நான் நினைப்பது இரண்டு. ஒன்று, ஒரு பெண் எடுத்த முடிவுகள். இன்னொன்று, அந்தப் பெண் மகனுக்குக் கொடுத்த மொழிகள்.

சட்டம் மறுத்த பிறப்பு

1927-ல் தென்னாப்பிரிக்காவில் வந்த ஒழுக்கக்கேடு தடுப்புச் சட்டம், வெள்ளையரும் கறுப்பரும் உடலுறவு கொள்வதைக் குற்றமாக்கியது. ஆணுக்கு ஐந்து ஆண்டு வரை, கறுப்பினப் பெண்ணுக்கு நான்கு ஆண்டு வரை சிறை. 1950-ல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் இனமுத்திரை குத்தியது. வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர் என்று பிரித்து, குடியிருக்கும் பகுதி, படிக்கும் பள்ளி, உட்காரும் பெஞ்சு வரை தனித்தனியாக ஒதுக்கினார்கள். 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த தமிழர்களும், அந்த 'இந்தியர்' என்ற பெட்டிக்குள் அடைக்கப்பட்டவர்கள்தான்.

இப்படிப்பட்ட நாட்டில், கோசா இனத்துப் பெண்ணான பட்ரீசியா நோம்புயிசேலோ நோவாவுக்கும் சுவிட்சர்லாந்துக்காரரான ராபர்ட்டுக்கும் பிப்ரவரி 20, 1984 அன்று பிறந்தவர் ட்ரெவர். தவறிப் பிறந்த பிள்ளை அல்ல. எனக்கு ஒரு குழந்தை வேண்டும், உங்களுக்குப் பொறுப்பு எதுவும் வேண்டாம் என்று பட்ரீசியாவே கேட்டிருக்கிறார். ராபர்ட் பலமுறை மறுத்துப் பிறகு சம்மதித்திருக்கிறார். சிறை காத்திருக்கும் நாட்டில் ஒரு பெண் யோசித்து எடுத்த முடிவு அது. பிரசவம் பார்த்த டாக்டர்கள் குழந்தையின் நிறத்தைப் பார்த்துவிட்டுத் தகப்பன் யார் என்று கேட்டபோது, ஸ்வாசிலாந்துக்காரர், அதனால்தான் குழந்தை வெளிர் நிறம் என்று சொல்லிச் சமாளித்தார். பிறப்புச் சான்றிதழிலும் பொய்தான்.

பெயரிலும் ஒரு யோசனை இருந்தது. கோசா வழக்கத்தில் பெயருக்குப் பொருள் உண்டு. அந்தப் பொருள் பிள்ளையின் விதியாகும் என்ற நம்பிக்கையும் உண்டு. நோம்புயிசேலோ என்றால் திருப்பித் தருபவள். வாழ்நாள் முழுக்கப் பிறருக்காகவே உழைத்த அந்தப் பெண், தன் மகனுக்கு மட்டும் அந்த நாட்டில் எந்தப் பொருளும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் இல்லாத, பைபிளிலும் இல்லாத ஒரு பெயரை வைத்தார். எந்த விதியும் அவன்மேல் எழுதப்பட வேண்டாம் என்று.

ஆற்று மண்ணைத் தின்ற பெண்

பட்ரீசியாவின் கதையைச் சொல்லாமல் அவர் மகனின் கதையைச் சொல்ல முடியாது. ஒன்பது வயதில் அவரைக் கோசா இனத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட ட்ரான்ஸ்கெய் பகுதியில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேண்டாமென்று தள்ளப்பட்ட பிள்ளைகள் பதினான்கு பேரோடு ஒரே குடிசை. விடியுமுன் எழுந்து வயல் வேலை. சாப்பாடு போதாத நாட்களில் பன்றிக்கும் நாய்க்கும் வைத்ததை எடுத்துத் தின்றது உண்டு. அதுவும் இல்லாத நாட்களில் ஆற்று மண்ணை நீரில் கரைத்துக் குடித்து வயிற்றை நிரப்பியதும் உண்டு. அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே நல்லது, மிஷன் பள்ளியில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கற்றுக்கொடுத்த ஆங்கிலம்.

1953-ன் பாண்ட்டு கல்விச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உழைப்பாளிக்கு வேண்டிய அளவு படிப்பு போதும் என்று வகுத்த காலம் அது. கறுப்பினப் பெண்ணென்றால் வீட்டு வேலை, இல்லையென்றால் தொழிற்சாலை. பட்ரீசியா டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தார். கண் தெரியாதவன் கார் ஓட்டக் கற்றுக்கொள்வது போல என்று அதை மகன் பின்னால் எழுதினார். யார் வேலை தரப் போகிறார்கள் என்பதே கேள்வி. ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு நெருக்கடி முற்றியபோது, கண்துடைப்புக்காகவாவது சில அலுவலக வேலைகளைக் கறுப்பினத்தவருக்குத் திறந்துவிட்டார்கள். அந்த இடுக்கில் நுழைந்தவர் பட்ரீசியா. வெள்ளையர் பகுதியான ஹில்ப்ரோவில் சட்டவிரோதமாகத் தங்கினார். பொதுக் கழிப்பறைகளில் ஒளிந்து தூங்கினார். போலீஸ் கண்ணில் படாமல் நடமாட, வேலைக்காரி உடையைப் போட்டுக்கொள்ளும் தந்திரத்தை அங்கிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் கற்றார்.

அந்தத் தந்திரம் மகன் பிறந்த பிறகும் தேவைப்பட்டது. குழந்தையோடு வெளியே போக, கலப்பினப் பெண் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்வார். குழந்தை அந்தப் பெண்ணுடையது போலவும், தான் அந்த வீட்டு வேலைக்காரி போலவும் இரண்டடி தள்ளி நடப்பார். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் அவர்களின் பழைய போட்டோக்களில் யாரோ ஒரு பெண் பிள்ளையோடு நிற்க, பெற்றவள் பின்னால் நிற்கிறாள். அப்பாவைப் பூங்காவில் தூரத்தில் இருந்துதான் பார்க்கலாம். ஒருநாள் சிறுவன் 'அப்பா' என்று கத்திக்கொண்டு ராபர்ட்டை நோக்கி ஓட, சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, பயந்துபோன ராபர்ட் மகனிடமிருந்து தப்பி ஓடினார். விளையாட்டு என்று நினைத்துக் குழந்தை இன்னும் வேகமாகத் துரத்தியது.

கேட்டுக்குள் ஒரு பேரன்

சொவேட்டோவின் ஆர்லண்டோ ஈஸ்ட் பகுதியில் இரண்டே அறை கொண்ட பாட்டி வீடு. பாட்டியின் பெயர் ஃபிரான்சிஸ் நோவா. பேரப்பிள்ளைகளுக்கு 'கோகோ'. பாட்டி என்பதற்கு ஜூலூவில் அதுதான் சொல். கழிப்பறை ஆறேழு வீடுகளுக்குப் பொது. அந்த வீட்டுக்குப் போனால் பாட்டி பேரனை வாசலைத் தாண்டவிடமாட்டார். தெருவில் காட்டிக்கொடுப்பவர்கள் இருந்தார்கள். போலீஸ் பார்த்தால் பிள்ளையை அரசு விடுதிக்கும் தாயைச் சிறைக்கும் கொண்டுபோய்விடும். மற்றப் பிள்ளைகள் தெருவில் விளையாடுவதைக் கேட்டின் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்த பையன், ஒருநாள் கேட்டுக்கு அடியில் பள்ளம் தோண்டி வெளியேறிவிட்டான். குடும்பமே அலறிப்போய்த் தேடியது. 1985-ல் அந்த உறவுத் தடை நீக்கப்பட்டுவிட்டது என்றாலும் இனப்பதிவும் குடியிருப்புத் தடையும் 1991 வரை இருந்தன. சட்டம் போனாலும் பயம் உடனே போய்விடுவதில்லை.

குடும்பத்துக்குள்ளேயே நிறத்தின் சலுகையையும் பையன் பார்த்தான். தப்பு செய்த மற்றப் பேரப்பிள்ளைகளைப் பாட்டி அடிப்பார். இவனை அடிக்கமாட்டார். வெள்ளைப் பிள்ளையை எப்படி அடிப்பது, தோல் சிவந்து நீலம் பாய்ந்துவிடுகிறதே என்பார். தாத்தா இவனை எஜமான் என்று கூப்பிட்டு, காரில் பின்சீட்டில்தான் உட்காரவைப்பார். தனக்கு அது வசதியாக இருந்தது, அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்று நோவா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். புத்தகத்தின் நேர்மை எனக்குப் புலப்பட்ட இடம் அது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜெபத்துக்குக் கூடும்போது பாட்டி இவனைத்தான் ஜெபிக்கச் சொல்வார். காரணம், இவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆங்கிலத்தில் செய்யும் ஜெபத்துக்கு முதலில் பலன் கிடைக்கும் என்பது அந்தப் பெண்களின் நம்பிக்கை. மொழிக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை அந்தச் சின்ன வீட்டின் தரையில் உட்கார்ந்தே பையன் தெரிந்துகொண்டான்.

சாவிக்கொத்து

இனவெறி அரசு மொழிகளை வைத்தே மக்களைப் பிரித்தது. ஜூலூ பிள்ளைக்கு ஜூலூ பள்ளி, சோத்தோ பிள்ளைக்குச் சோத்தோ பள்ளி. ஒருவரோடு ஒருவர் பேச முடியாவிட்டால் ஒன்றுசேரவும் முடியாது. அதற்குமேல் ஆஃப்ரிகான்ஸைப் பயிற்றுமொழியாகத் திணித்தபோதுதான் ஜூன் 16, 1976 அன்று சொவேட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1965-ன் இந்தி எதிர்ப்பை நினைவில் வைத்திருக்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சுவரில்தான் பட்ரீசியா கதவு திறந்தார். மகனுக்கு ஆங்கிலத்தை முதல் மொழியாக்கினார். வீட்டில் கோசா. தெருவில் ஜூலூ, சோத்தோ, ஸ்வானா. கடை, அலுவலகம், போலீஸ் என்று போகும் இடமெல்லாம் எதிரில் இருப்பவரின் மொழிக்குத் தாவி அவர் காரியம் சாதிப்பதைப் பார்த்தே பையன் வளர்ந்தான். புத்தகங்கள் வாங்கிக்கொடுப்பார். பழைய ஃபோக்ஸ்வேகன் காரில் வெள்ளையர் குடியிருப்புகளுக்கும் பூங்காக்களுக்கும் கூட்டிப்போவார். நாம் போக முடியாத இடங்களை ஏன் இவனுக்குக் காட்டுகிறாய் என்று உறவினர்கள் கேட்டார்கள். இவன் இங்கேயே இருந்துவிட்டாலும், இது மட்டுமே உலகம் இல்லை என்று தெரிந்துகொண்டிருப்பான் என்பது அவர் பதில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று தேவாலயங்கள். ஒன்றில் எல்லா இனமும் கலந்திருக்கும், ஒன்று வெள்ளையருடையது, ஒன்று கறுப்பருடையது. கார் ஓடாத ஒரு ஞாயிறு இரவு, திரும்புவதற்கு மினி பஸ்ஸில் ஏறினார்கள். நம் ஷேர் ஆட்டோ போல ஆளேற்றிப் போகும் வண்டி. 1990-ல் மண்டேலா விடுதலையான பிறகு ஜூலூக்களின் இன்காத்தா கட்சிக்கும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கும் மோதல் மூண்டு, ஜூலூவும் கோசாவும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலம். ஓட்டுநர் ஜூலூ. கோசா பெண் என்று தெரிந்ததும் வசைபாடி, உனக்குப் பாடம் புகட்டுகிறேன் என்று வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார். முனையில் வண்டி கொஞ்சம் வேகம் குறைந்ததும், பட்ரீசியா கதவைத் திறந்து ஒன்பது வயது ட்ரெவரை வெளியே தள்ளிவிட்டு, கைக்குழந்தையான இரண்டாவது மகனை அணைத்தபடி தானும் குதித்தார். ரத்தம் ஒழுக ஓடித் தப்பினார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் தாயும் மகனும், இனி ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டிலேயே ஜெபம் செய்யலாமே என்பது பற்றிச் சண்டைபோட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

பள்ளியிலும் அந்த மொழிகள்தான் காப்பாற்றின. எச். ஏ. ஜாக் தொடக்கப் பள்ளியில் தேர்வு முடிவைப் பார்த்து 'ஏ' வகுப்பில் போட்டார்கள். அங்கே பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகள். இடைவேளையில் மைதானம் நிறம் நிறமாகப் பிரிந்து நின்றது. எந்தக் கூட்டத்துக்குப் போவது என்று தெரியாமல் நின்றவன், கறுப்பினப் பிள்ளைகள் பேசியதற்கு அவரவர் மொழியில் பதில் சொன்னான். அன்றே அவர்களில் ஒருவனானான். ஆலோசகர் தடுத்தும் கேளாமல், அவர்கள் படித்த 'பி' வகுப்புக்கு மாறிக்கொண்டான்.

உயர்நிலைப் பள்ளியில் கேன்டீன் வரிசைக்கு முதல் ஆளாக ஓடி, மற்றவர்களுக்குத் தீனி வாங்கிக் கொடுத்துக் கமிஷன் பார்த்தான். பிறகு திருட்டு சிடி வியாபாரம். நம் பர்மா பஜாரில் நடந்ததுபோலத்தான். வசதியான வெள்ளைக்கார நண்பன் ஒருவன் பள்ளியை விட்டுப் போகும்போது சிடி எழுதும் கருவியைக் கொடுத்துவிட்டுப் போனான். மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது, தூண்டிலையும் யாராவது கொடுக்க வேண்டும் என்று நோவா அதைப் பற்றி வாதிடுகிறார். உழைத்தால் முன்னேறலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் கேட்க வேண்டிய வாதம். அந்தக் கருவியோடு அலெக்ஸாண்ட்ரா சேரிப் பகுதியில் தெரு விருந்துகளுக்குப் பாட்டுப் போட்டுப் பிழைத்தார்.

மாற்றாந்தந்தையின் பட்டறையில் கிடந்த காரை எடுத்து ஓட்டி, நம்பர் பிளேட் பொருந்தாததால் ஒரு வாரம் லாக்கப்பிலும் இருந்தார். அங்கே மலைபோன்ற ஒரு மனிதர். அவரைக் கண்டு எல்லோருக்கும் நடுக்கம். போலீஸ்காரர் ஜூலூவில் கத்துகிறார், அந்த மனிதர் சோங்காவில் பதில் சொல்கிறார், இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நோவா நடுவில் புகுந்து மொழிபெயர்த்தார். வீடியோ கேம் திருடி மாட்டிக்கொண்ட, சாதுவான, வழிதெரியாத ஒரு ஏழை அவர் என்று அப்போதுதான் தெரிந்தது. நோவாவுக்கு அந்தச் சோங்கா வந்தது மாற்றாந்தந்தையிடமிருந்து. அடித்த மனிதர் தந்த மொழி.

ஞாயிற்றுக்கிழமை தோட்டா

மெக்கானிக்கான அந்த மனிதரைப் பட்ரீசியா மணந்துகொண்டார். பட்டறை நஷ்டத்தில் ஓட, பட்ரீசியாவின் சம்பளமெல்லாம் அதற்குள் போனது. வீட்டை விற்றுப் பட்டறைக்குள்ளேயே குடியிருந்தார்கள். ரிப்பேருக்கு வந்த கார்களின் சீட்டில்தான் ட்ரெவர் தூங்கினான். காட்டுக் கீரையும் மோப்பானி மரத்துப் புழுவும் சாப்பாடு. வறுமையைச் சிரித்துக் கடந்த குடும்பத்தால் அடியைக் கடக்க முடியவில்லை. முதல் அறை விழுந்த இரவே பட்ரீசியா போலீஸ் நிலையம் போனார். பின்னாலேயே வந்த கணவரோடு போலீஸ்காரர்கள் சிநேகமாகப் பேசி, குடும்ப விஷயம் என்று அனுப்பிவிட்டார்கள். புகார் எழுதப்படவில்லை. அடுத்தடுத்தும் அப்படியே.

2009-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் போய்த் திரும்பிய பட்ரீசியாவை, பிரிந்து வாழ்ந்த அந்தக் கணவர் காலில் சுட்டார். தலைக்குக் குறிவைத்தபோது துப்பாக்கி பலமுறை சுடாமல் சிக்கியது. காரில் ஏறித் தப்பப் பார்த்தவரின் பின்தலையில் கடைசியில் ஒரு தோட்டா பாய்ந்தது. மூளையையும் முதுகுத்தண்டையும் தொடாமல் மூக்கு வழியே வெளியேறியது. மருத்துவக் காப்பீடு இல்லை. அப்போது மேடையில் சம்பாதிக்கத் தொடங்கியிருந்த மகன் தன் கிரெடிட் கார்டைக் கொடுத்து, ஆன செலவு ஆகட்டும் என்றார். நான்கு நாளில் வீடு திரும்பிய பட்ரீசியா, ஒரு வாரத்தில் வேலைக்கும் போனார். படுக்கையில் கண் விழித்தவுடன், இனி இந்தக் குடும்பத்தில் அழகு நீதான் என்று மகனிடம் சொல்லி அவரைச் சிரிக்கவைத்தவர் அவர்.

சுட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைக்குப் போகவில்லை. மூன்றாண்டு கண்காணிப்பு மட்டும். முன் குற்றப் பதிவு ஏதும் இல்லை என்பது காரணம். பதிவு எப்படி இருக்கும்? அந்தப் பெண் போனபோதெல்லாம் போலீஸ் எழுத மறுத்ததே. நம் ஊர்க் காவல் நிலையங்களில் சமாதானம் பேசி அனுப்பப்பட்ட பெண்களை நினைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கங்களைப் படித்தேன்.

மேடை

பிந்திய கதை பலருக்கும் தெரிந்தது. 2002-ல் 'இசிடிங்கோ' தொடரில் சின்ன வேடம். ஒய்எஃப்எம் நிலையத்தில் வானொலி நிகழ்ச்சி. தொலைக்காட்சித் தொகுப்பாளர் வேலைகள். 2009-ல் 'தி டேவாக்கர்' என்ற தனிமேடை நகைச்சுவை. 2012 ஜனவரியில் அமெரிக்காவின் 'தி டுநைட் ஷோ'வில் மேடையேறிய முதல் தென்னாப்பிரிக்க நகைச்சுவையாளர். செப்டம்பர் 28, 2015 அன்று, 31 வயதில், ஜான் ஸ்டூவர்ட் 16 ஆண்டுகள் அமர்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே, பெண்களையும் யூதர்களையும் பற்றி அவர் முன்பு போட்டிருந்த மட்டமான ட்வீட்டுகளைத் தோண்டியெடுத்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது. அமெரிக்க அரசியலை வெளியூர்க்காரன் என்ன பேசிவிடுவான் என்ற சந்தேகமும் இருந்தது. ஆனால் வெளியாளாக நின்று பார்ப்பதுதானே அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது? ஒவ்வொரு ஊரின் உச்சரிப்பிலும் பேசிக்காட்டி, அங்குள்ளவரை உள்ளிருந்து காட்டும் அவர் கலை, சொவேட்டோ தெருவில் உயிர்பிழைக்கக் கற்றதுதான். அவர் நடத்திய கடைசிப் பருவத்துக்கு எம்மி விருது கிடைத்தது. 2023-ல் நெதர்லாந்தின் இராஸ்மஸ் பரிசும் கிடைத்தது.

எனக்கு அந்த விருதுகளைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. ட்ரெவருக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது ராபர்ட் கேப்டவுனுக்குப் போய்விட்டார். பத்தாண்டு தொடர்பே இல்லை. அப்பாவைத் தேடிப் போ என்று தாய்தான் வற்புறுத்தினார். கடிதம் எழுதித் தேடிக் கண்டுபிடித்துப் போனபோது, அதிகம் பேசாத அந்த மனிதர் ஒரு தடித்த ஆல்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். செய்தித்தாளில் சின்னத் துணுக்காக வந்ததுமுதல், மகனைப் பற்றிய ஒவ்வொன்றையும் வெட்டி ஒட்டியிருந்தார். பூங்காவில் ஓடி மறைந்தவர், மகன்மேலிருந்து கண்ணை விலக்கவே இல்லை.

டிசம்பர் 8, 2022 அன்று கடைசி நிகழ்ச்சியில் நோவா நன்றி சொன்னது கறுப்பினப் பெண்களுக்கு. அம்மா, பாட்டி, அம்மாவின் சகோதரி என்று குறிப்பிட்டார். கோகோ அந்த ஆண்டு மே மாதம்தான் 95 வயதில் காலமாகியிருந்தார். அதற்கு நான்கு ஆண்டு முன், 2018-ல், டெய்லி ஷோ கேமராக்களோடு நோவா சொவேட்டோ வீட்டுக்குப் போனார். யார் கண்ணிலும் படக்கூடாதென்று பொத்திவைத்திருந்த பேரனை இருக்கையில் எதிரே உட்காரவைத்துக்கொண்டு, உன்னை எப்படியெல்லாம் வீட்டுக்குள் பூட்டிவைத்திருந்தேன் என்று அந்தப் பாட்டி கேமராவுக்கு முன்னால் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.